டைல்ஸ் கோட்டுக் கறுப்புக்கு எது கேட்கும்? கடைச் சரக்குகள் ஒரு விமர்சனம்

சோபாவை ஒரு தடவை நகர்த்திப் பாருங்கள். அதற்கு அடியில் ஓடும் டைல்ஸ் கோடு, மேஸ்திரி பூசிய அன்று இருந்த ஐவரி நிறத்திலேயே இருக்கும். இரண்டடி தள்ளி, தினமும் மாப் போடும் இடத்தில் அதே கோடு சாம்பலாகியிருக்கும். சமையலறை வாசலுக்குப் போனால் கறுப்பு. சோபாவுக்கு அடியில் தூசி இல்லாமலா இருக்கிறது? விரல் வைத்தால் தடம் விழும் அளவுக்கு இருக்கும். அங்கே போகாதது காலடியும் மாப் தண்ணீரும்தான்.

கோடு ஏன் கறுக்கிறது என்று தெரியாமல் எந்த பாட்டிலை வாங்கினாலும் காசு வீண். இன்றைய விட்ரிஃபைட் டைல்ஸ் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. கோட்டில் இருப்பது சிமெண்ட்டும் பொடிமணலும் கலர்ப்பொடியும். அது ஸ்பாஞ்ச் மாதிரி குடிக்கும். போதாக்குறைக்கு, கோடு டைல்ஸ் மட்டத்தைவிட அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை பள்ளமாக இருக்கும். மாப் மேட்டைத் துடைத்துக்கொண்டு போகும். பக்கெட்டில் கலங்கிய தண்ணீர் பள்ளத்தில் நிற்கும். தண்ணீர் ஆவியாகும், அதிலிருந்த அழுக்கும் சோப்பும் அங்கேயே காயும். மறுநாள் அதன்மேல் இன்னொரு பூச்சு. ஒரு வருடத்தில் 300 பூச்சு.

ஆகவே வாசனை, நுரை, விளம்பரத்தில் ஓடும் பளபளப்பு எதையும் இந்த விமர்சனம் கணக்கில் எடுக்கவில்லை. பார்த்தது மூன்றுதான்: எண்ணெய்ப் பிசுக்கைக் கிளப்புகிறதா, சிமெண்ட்டைத் தின்னாமல் விடுகிறதா, காய்ந்தபின் தன் பங்குக்கு எதையாவது ஒட்டிவிட்டுப் போகிறதா.

எதை வாங்குவதற்கு முன்னும் ஒரு சொட்டுச் சோதனை செய்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்த கோட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். சொட்டு உள்ளே இறங்கி அந்த இடம் கருமையானால் அது சீலர், அதாவது தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பூச்சு, போடாத சிமெண்ட் கோடு. முத்து மாதிரி நின்றால் சிமெண்ட்டுக்குப் பதில் பிசின் வைத்து நிரப்பும் எபாக்ஸி, அல்லது சீலர் போட்டது. நம்மூரில் பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும். பத்து, பதினைந்து வருடத்துக்கு முந்தைய வீடுகளில் கோட்டில் இருப்பது டைல்ஸ் இடைவெளியை நிரப்பவென்றே பாக்கெட்டில் விற்கும் முறையான கிரவுட்கூட இல்லை. வெறும் ஒயிட் சிமெண்ட்டில் ஆக்சைடு கலர் கலந்து தேய்த்தது. அது இன்னும் அதிகமாகக் குடிக்கும், சீக்கிரம் விரிசல் விடும்.

ஆசிட்

முதலில் இதை முடித்துவிடலாம், ஏனென்றால் முதலில் எல்லோர் கையும் போவது இதில்தான். டைல்ஸ் ஆசிட், பாத்ரூம் ஆசிட் என்று லேபிள் இல்லாத பாட்டிலில் வருவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஊற்றியதும் புஸ்ஸென்று பொங்கும். அழுக்கு கழன்று வருகிறது என்று மனசு குளிரும். பொங்குவது அழுக்கல்ல, கோட்டிலிருக்கும் சிமெண்ட். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து அமிலத்தில் கரைந்து கால்சியம் குளோரைடாகி, கழுவும் தண்ணீரோடு போய்விடுகிறது. மேல்தோல் உரிந்ததால் கோடு புதுசு போலத் தெரியும். ஆனால் மணல் துருத்திக்கொண்டு, முன்பைவிடச் சொரசொரப்பாக இருக்கும். முன்பு ஒரு வருடத்தில் கறுத்தது இனி மூன்று நான்கு மாதத்தில் கறுக்கும். மறுபடி ஆசிட். நாலைந்து சுற்றில் கோடு பள்ளமாகி, விரலால் தேய்த்தால் மாவு வரும். அதற்கப்புறம் தண்ணீர் நேராக டைல்ஸுக்கு அடியில் இறங்கும்.

புகை இன்னொரு செலவு. ஆசிட் போட்ட பாத்ரூமில் குரோம் குழாய், கதவுக் கீல், தண்ணீர் போகும் ஜாலி எல்லாம் சில வாரத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். சில்லறைக் கடையில் ஆசிட் விற்பதற்கு உச்ச நீதிமன்றம் 2013இல் கட்டுப்பாடு போட்டது. வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, விவரம் பதிந்து, 18 வயது நிரம்பியவருக்குத்தான் கொடுக்க வேண்டும். வாங்காமலே இருப்பது அதைவிட நல்லது.

கழிப்பறை கிளீனரைத் தரையில் ஊற்றுவதும் இதேதான். ஹார்பிக் போன்ற நீலச் சரக்கில் சுமார் 10 சதவீதம் இதே அமிலம் கெட்டியான குழம்பாக இருக்கிறது. பீங்கான் கோப்பையின் கண்ணாடிப் பூச்சுக்கு அது ஒன்றும் செய்யாது. அந்த வேலைக்கு அது கெட்டிக்காரச் சரக்கு. சிமெண்ட் கோட்டின் மேல் அதே கெட்டித்தன்மை வினையாகிறது. வழிந்து ஓடாமல் அங்கேயே உட்கார்ந்து தின்னும்.

ஏற்கெனவே ஆசிட் போட்டாகிவிட்டதென்றால், நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா கரைத்துக் கோட்டில் ஓட விட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி அலசுங்கள். உள்ளே தங்கிய அமிலம் அடங்கும். போன சிமெண்ட் திரும்பாது.

ஆத்தங்குடிக் கல் பதித்த வீடாக இருந்தால் ஆசிட் பாட்டிலை வாசற்படி தாண்ட விடாதீர்கள். அது சூளையில் சுடாமல், கண்ணாடிப் பலகையின் மேல் சிமெண்ட் வார்த்துச் செய்வது. கோட்டைப் போலவே கல்லும் கரையும், கலரோடு சேர்த்து. மொசைக், மார்பிள் தரைக்கும் இதே கதி.

வாசனைச் சரக்குகள்

வெள்ளை ஃபினாயில் என்பது பைன் எண்ணெய் போன்ற ஒன்றைச் சோப்பு வைத்துத் தண்ணீரில் பால் மாதிரி கலக்கியது. வாடை போகும், கொஞ்சம் கிருமி சாகும். அழுக்கு எடுப்பது அதன் தொழில் இல்லை. தண்ணீர் காய்ந்தபின் மெல்லிய எண்ணெய்ப் படலம் கோட்டில் நிற்கும், தூசி அதில் ஒட்டும். மூடிக் கணக்கு மறந்து ‘இன்னும் கொஞ்சம் வாசனையா இருக்கட்டும்’ என்று ஊற்றும் வீடுகளில் கோடு சீக்கிரம் கறுப்பது இதனால்தான். கோட்டுக்கு ஃபினாயில் மதிப்பெண் பூஜ்யம். சாக்கடை ஜாலிக்கு வைத்துக்கொள்ளலாம்.

லைசால் வகை தரை கிளீனர்கள் அதைவிட ஒரு படி மேல். அவற்றில் கிருமி கொல்லும் பொருள் பென்சல்கோனியம் குளோரைடு. தினசரி துடைக்க நல்லது, சிமெண்ட்டைத் தொடாது. ஆனால் படிந்து இறுகிய கோட்டுக் கறுப்பை அவை கிளப்பாது. அதற்கென்று செய்ததும் இல்லை. இங்கே பலர் செய்யும் ஒரு தவறு உண்டு. ஒரே பக்கெட்டில் கொஞ்சம் சலவைப் பவுடர், கொஞ்சம் தரை கிளீனர். இரண்டும் சேர்ந்தால் டபுள் பலம் என்று கணக்கு. சலவைப் பவுடரின் சோப்பு எதிர்மின் ஏற்றம் உள்ளது, பென்சல்கோனியம் நேர்மின் ஏற்றம் உள்ளது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டுமே செத்துப் போகும். பக்கெட்டில் மிஞ்சுவது பிசுபிசுப்பு. அது போய்ச் சேரும் இடம் எது என்று சொல்ல வேண்டியதில்லை.

வினிகரும் ஆப்பச் சோடாவும் சேர்த்து நுரைக்க விடும் வீடியோ வைத்தியம் பற்றி ஒரு வரி போதும்: அமிலமும் காரமும் கலந்து ஒன்றையொன்று தீர்த்துவிட, கடைசியில் உப்புத் தண்ணீர்தான் மிச்சம். ஆப்பச் சோடாவை மட்டும் தனியாகக் கெட்டிக் குழம்பாக்கித் தேய்த்தால், மென்மையான தேய்ப்புப் பொடியாக உபயோகப்படும். அதோடு சரி.

தேறியது

கோட்டில் இருப்பது எண்ணெய்ப் பிசுக்கு, காய்ந்த சோப்பு, அதில் ஒட்டிய தூசி. இதற்கு வேண்டியது காரம். சிமெண்ட்டே காரத்தன்மை உள்ளதுதான். அதனால் காரம் அதை உறுத்தாது. பலசரக்குக் கடை வாஷிங் சோடாவே பாதி வேலையை முடித்துவிடும். சமையலறைத் தரைக்கு ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி. விலையை வைத்துப் பார்த்தால் இதற்கு நிகர் எதுவும் கிடையாது. சாயத்தை மட்டும் அது எடுக்காது. பிசுக்கு போனபின்னும் தேநீர்க் கறை மாதிரி ஒரு பழுப்பு நிற்கும்.

அந்தப் பழுப்பையும் சேர்த்து எடுப்பது சோடியம் பெர்கார்பனேட். பெயர் புதிதாகத் தோன்றினாலும் துணிக்கறைக்கு விற்கும் வானிஷ் போன்ற பவுடர்களில் இருப்பது இதுதான். தனிச் சரக்காக, வாசனையும் சோப்பும் இல்லாமல், ஆன்லைனில் கிலோ 300 ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. தரைக்கு இந்தத் தனிச் சரக்கே நல்லது. அலச வேண்டிய சோப்பு குறைவு. தண்ணீரில் போட்டதும் இது வாஷிங் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரிகிறது. முதலாவது பிசுக்கைக் கிளப்ப, இரண்டாவது சாயத்தை வெளுக்கும். ஒரு லிட்டருக்கு 30 கிராம் போட்டால் கிடைப்பது ஏறக்குறைய 1 சதவீத பெராக்சைடு. கோட்டுக்கு அது போதும்.

இதில் கணக்கு முக்கியம். இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் பதித்த தரையில், சதுர அடி எத்தனையோ கோட்டின் நீளமும் ஏறக்குறைய அத்தனை அடி. பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் 120 அடிக் கோடு. பாத்ரூமில் ஒன்றுக்கு ஒன்று டைல்ஸ் என்றால் அதில் இரட்டிப்பு: 40 சதுர அடிக்கு 80 அடி. 120 அடிக் கோட்டை நனைக்க ஒரு லிட்டர் கரைசல் போதும். இரண்டு லிட்டர் கரைத்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். கரைத்த நிமிடத்திலிருந்து அதன் வீரியம் இறங்கிக்கொண்டே போகும். ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி மூடி வைப்பது ஆபத்து. ஆக்சிஜன் வெளியேறிக்கொண்டே இருக்கும், பாட்டில் உப்பி வெடிக்கும்.

வேலையின் வரிசை இப்படி. முதலில் காய்ந்த தரையைப் பெருக்குவது. பூந்துடைப்பம் கோட்டுக்குள் போகாது. வாக்குவம் கிளீனர் இருந்தால் அதன் குறுகிய மூக்கைக் கோட்டோடு ஓட்டலாம், இல்லாவிட்டால் காய்ந்த பிரஷ். இந்த ஒரு படியை விட்டால் தூசி சேறாகிவிடும். பிறகு கை பொறுக்கிற சூட்டைவிடச் சற்று அதிகமான வெந்நீர், 50 முதல் 60 டிகிரி. பச்சைத் தண்ணீரில் பவுடர் சரியாகக் கரையாது, வேலையும் மந்தம். கையுறை போட்டுக்கொண்டு, பழைய சாஸ் பாட்டில் மாதிரி மூக்கு நீண்ட பாட்டிலில், மூடாமல், கோட்டில் மட்டும் ஓட விடுவது. ஒரு தடவைக்கு இருபது முப்பது அடிக் கோடு. அதற்கு மேல் ஊற்றினால் நீங்கள் தேய்த்து முடிப்பதற்குள் மறுமுனை காய்ந்துவிடும். ஃபேனை நிறுத்திவிடுங்கள். 15 முதல் 20 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். காய்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் விடலாம்.

ஊறிய கோட்டைக் கிட்டே குனிந்து பாருங்கள். சிறு சிறு குமிழ்கள் ஊசிமுனை அளவில் எழும்பும். இரண்டு பக்கமும் டைல்ஸ் மேல் தேன் நிறத்தில் தண்ணீர் வழியும். அந்த நிறம் வந்தால் பிரஷை எடுக்கலாம். கோட்டோடு நீளவாக்கில் ஏழெட்டுத் தேய்ப்பு, அதிகம் அழுத்தாமல். அழுத்தினால் முடி மடங்கி, நுனி கோட்டுக்குள் போகாமல் பக்கவாட்டுதான் உரசும்.

அடுத்ததுதான் பத்துக்கு எட்டுப் பேர் கோட்டைவிடும் இடம். கிளம்பிய அழுக்குத் தண்ணீரை உடனே எடுத்தாக வேண்டும். மாப் வைத்து இழுத்தால் அது பக்கத்துக் கோட்டுக்குப் போகும். பழைய பருத்தித் துண்டை மடித்து மேலே வைத்து அழுத்தி உறிஞ்சுங்கள்; ஈரம் உறிஞ்சும் வாக்குவம் இருந்தால் இன்னும் நல்லது. பிறகு சுத்தமான தண்ணீர் விட்டு, மறுபடி உறிஞ்சி, இன்னொரு தடவை. இரண்டு அலசல் கட்டாயம். அலசாமல் விட்டால் சோடா வெள்ளையாகப் பூக்கும். ‘பவுடர் போட்டேன், கோடு வெளுத்துத் திட்டுத் திட்டாப் போச்சு’ என்ற புகாரில் பாதி இதுதான். 120 அடிக்கு ஒரு ஆள் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். முடிவை அன்றே பார்க்க வேண்டாம். ஈரக் கோடு எப்போதும் கருமையாகத்தான் தெரியும். மறுநாள் காலையில் பாருங்கள்.

அலுமினிய ஜன்னல் தண்டவாளத்தில் இந்தக் கரைசலைத் தேங்க விடக் கூடாது. காரம் அலுமினியத்தை மங்கடிக்கும்.

பிளீச்

சோடியம் ஹைப்போகுளோரைட் பிளீச்சும் பிளீச்சிங் பவுடரும் பூஞ்சணத்துக்கு நல்லவை, கோட்டுப் பிசுக்குக்குச் சுமார். பாத்ரூம் மூலையில் கறும்புள்ளியாக வரும் பூஞ்சணத்தின் மேல், ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் விட்டுத் தேய்த்தால் போகும். கலர் கிரவுட்டாக இருந்தால் கலரும் சேர்ந்து போகும். பிளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பு உண்டு. கரைத்துத் தெளிய வைத்து மேல்தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் டைல்ஸ் முழுக்க வெள்ளைப் படலம். பிரித்து வைத்த பொட்டலம் மாதக்கணக்கில் கிடந்தால் குளோரின் பறந்துபோய் வெறும் சுண்ணாம்பாகத்தான் இருக்கும்.

பிளீச்சோடு ஆசிட்டையோ கழிப்பறை கிளீனரையோ சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே உலை. ஒன்று போட்டு வேலை ஆகவில்லை என்று அதன் மேலேயே அடுத்ததை ஊற்றுவதில்தான் இது நடக்கிறது.

சில கறைகளுக்குத் தனி வைத்தியம்

மஞ்சள் கறை மேல் பெர்கார்பனேட் போட்டதும் கோடு ரத்தச் சிவப்பாகும். பயந்து துடைத்துவிடாதீர்கள். மஞ்சள் காரம் பட்டால் சிவக்கும். சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைக்கும் வீட்டில் இதைச் சொல்லத் தேவையில்லை. இருபது நிமிடம் ஈரம் காயாமல் வைத்திருந்தால் பெராக்சைடு சிவப்பையும் வெளுத்துவிடும். வெயில் விழும் இடமென்றால் இரண்டு நாளில் மிச்சமும் போகும்.

பூஜையறை விளக்கிலிருந்து சிந்திய எண்ணெய்க்கு எந்தக் கரைசலும் முதல் தடவையில் கேட்காது, எண்ணெய் சிமெண்ட்டுக்குள் ஆழமாக ஊறியிருக்கும். ஆப்பச் சோடாவில் நாலு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுத் தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, கோட்டின் மேல் அப்பி, பிளாஸ்டிக் தாள் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தாளை எடுத்துக் காயவிட்டுச் சுரண்டினால் எண்ணெய் மேலே ஏறி வந்திருக்கும். பழைய கறைக்கு இரண்டு மூன்று ராத்திரி ஆகும்.

போர் தண்ணீர் வரும் வீட்டில் கேஸ் சிலிண்டர் அடியிலும் பக்கெட் வைத்த இடத்திலும் வரும் செம்பழுப்பு, இரும்புத் துரு. இதற்குப் பிளீச் போட்டால் இன்னும் அழுத்தமாகிவிடும். இதற்கு மருந்து ஆக்ஸாலிக் ஆசிட், மொசைக் பாலீஷ் போடுகிறவர்கள் வைத்திருக்கும் அதே வெள்ளைப் பொடி. ஒரு லிட்டருக்கு 50 கிராம், கறை மேல் மட்டும், பத்து நிமிடம். பெயரில் ஆசிட் இருந்தாலும் இது சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடுவதால், ஹைட்ரோகுளோரிக் மாதிரி தோண்டிக்கொண்டு போகாது. ஆனால் விஷம். கையுறையும், குழந்தைகள் இல்லாத நேரமும் வேண்டும்.

பாத்ரூம் டைல்ஸ் மேல் படியும் வெள்ளை உப்புக்கறைக்குத்தான் அமிலம் நியாயமானது, அதுவும் மெல்லிய அமிலம். எலுமிச்சை உப்பு என்று பலசரக்குக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட், லிட்டருக்கு 50 கிராம். முதலில் கோட்டைப் பச்சைத் தண்ணீரால் நன்றாக நனைத்துவிடுங்கள். வயிறு நிறையத் தண்ணீர் குடித்த சிமெண்ட் அமிலத்தைக் குடிக்காது. டைல்ஸ் மேல் தெளித்து ஐந்து நிமிடத்தில் தேய்த்து அலசி, சோடாத் தண்ணீரால் முடிக்க வேண்டும்.

ஒரு வெள்ளை மட்டும் எதற்கும் கேட்காது: கோட்டுக்குள்ளிருந்தே பூத்துக்கொண்டு வருவது. துடைத்தால் போகும், ஒரு வாரத்தில் திரும்ப வரும். அது அடியிலிருந்து ஈரம் உப்பைக் கரைத்து மேலே ஏற்றுவது. பாத்ரூம் பக்கத்து அறையில் இது தொடர்ந்து வந்தால் கிளீனர் தேடுவதை விட்டு பிளம்பரைத் தேட வேண்டும்.

பிரஷ், மாப்

பழைய டூத் பிரஷ் ஆகாது. முடி மெத்து, கை வலிதான் மிஞ்சும். கோட்டுக்கென்று விற்கும், முடி நுனி குறுகலாக வெட்டிய நைலான் பிரஷ் நூறு இருநூறு ரூபாய்தான், கைப்பிடி நீளமாக உள்ளதை வாங்கினால் முட்டி தப்பிக்கும். இரும்பு பிரஷும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் கூடவே கூடாது. உடைந்த இரும்புத் துணுக்கு கோட்டில் தங்கி இரண்டே நாளில் துருப்புள்ளி வைக்கும். பச்சை ஸ்க்ரப்பரில் உரசும் துகள் இருக்கிறது, பாலீஷ் போட்ட விட்ரிஃபைட் மேல் தேய்த்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது வட்டம் வட்டமாக மங்கல் தெரியும். அது போகாது.

சுழற்றிப் பிழியும் மாப் செட் நல்ல பொருளா என்றால், பிழிவதில் நல்லது, தண்ணீரில் மோசம். ஒரே பக்கெட்டில் முக்கி, அதே தண்ணீரில் அலசி, அதையே தரைக்குக் கொண்டுவருவது. கலங்கலை அடுத்த அறைக்குப் பங்கு வைக்கும் இயந்திரம் என்றே சொல்லலாம். அலசும் தண்ணீர் தனி, துடைக்கும் தண்ணீர் தனி என்று இரண்டு பக்கெட் வைத்தால் எந்த மாப்பும் நல்ல மாப்தான். அப்படி வைக்க முடியாவிட்டால் ஓர் அறைக்கு ஒரு தண்ணீர். கிளீனர் அளவு மூடியில் போட்டிருப்பதைத் தாண்ட வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் ஒன்றும் கலக்காத வெறும் தண்ணீர். தட்டையான மைக்ரோஃபைபர் மாப் நன்றாகப் பிழிந்து போட்டால், கோட்டில் தேங்கும் தண்ணீரே குறைந்துவிடும்.

ஆளை அழைத்தால்

டீப் கிளீனிங் என்று சதுர அடிக் கணக்கில் வாங்கும் சேவைகளைத் தரம் பார்ப்பது சுலபம்: வண்டியிலிருந்து என்ன இறக்குகிறார்கள் என்று பாருங்கள். ஒற்றைத் தட்டு ஸ்க்ரப்பிங் மெஷினும் ஈரம் உறிஞ்சும் வாக்குவமும் இறங்கினால் உள்ளே விடலாம். மெஷின் இறங்கி வாக்குவம் இறங்காவிட்டால், அழுக்கைக் கிளப்பி வைப்பரால் தள்ளிவிட்டுப் போவார்கள்; கோட்டுக்குள் போனது போனதுதான். இரண்டும் இல்லாமல் வெள்ளை கேன் மட்டும் வந்து, மூடியைத் திறந்ததும் மூக்கு எரிந்தால் வேலையை நிறுத்திவிடுங்கள்.

மெஷினில் மாட்டும் பேடின் நிறத்தையும் கவனிக்கலாம். சிவப்பு மென்மை, பச்சை நடுத்தரம், கறுப்பு உரித்தெடுப்பது. பாலீஷ் டைல்ஸ் மேல் கறுப்பு பேட் ஓடினால் பளபளப்பு போகும். எந்த பேடும் தட்டையாக ஓடுவதால் பள்ளக் கோட்டைத் தொடாது, அதற்கு பிரஷ் மாட்ட வேண்டும், அல்லது ஆள் உட்கார்ந்து கையால் தேய்க்க வேண்டும். ‘கோடு சேர்த்துத்தானே ரேட்?’ என்று முன்பே கேட்டு, பீரோவுக்குப் பின்னால் நாலடிக் கோட்டில் செய்து காட்டச் சொல்லி, காய்ந்தபின் பார்த்துவிட்டு மீதிக்குச் சரி சொல்லுங்கள். நல்ல ஆட்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

சீலர், பேனா, எபாக்ஸி

சுத்தம் செய்த கோட்டை அப்படியே விட்டால் கதை முதலிலிருந்து தொடங்கும். உள்ளே ஊறும் வகைச் சீலர், சிலேன் அல்லது சிலாக்சேன் என்று போட்டிருக்கும், கோட்டின் துளைகளில் தண்ணீர் ஒட்டாமல் செய்கிறது. கோடு இரண்டு நாள் முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் போட்டால் மங்கலாக வெள்ளை அடிக்கும். சின்ன பிரஷால் கோட்டில் மட்டும் பூசி, டைல்ஸ் மேல் வழிந்ததை ஐந்து பத்து நிமிடத்துக்குள் துடைத்துவிட வேண்டும். காய்ந்த சீலரை எடுப்பது, கறுப்பை எடுப்பதைவிடக் கொடுமை. சமையலறைக்கு எண்ணெயையும் தடுக்கும் என்று லேபிளில் எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். எல்லாச் சீலரும் தடுக்காது. சொட்டு உள்ளே இறங்கத் தொடங்கும் நாளில் மறுபூச்சு.

கிரவுட் பேனா என்பது பெயின்ட். அழுக்கை எடுக்காமல் அதன்மேல் எழுதினால் சில மாதத்தில் தோல் தோலாக உரியும். சுத்தம் செய்த சுவர்க் கோட்டுக்குப் பரவாயில்லை, நடைபாதைக்கு வேண்டாம்.

மாவு உதிரும் கோட்டைச் சுத்தம் செய்து பயனில்லை, பெயர்த்துவிட்டுப் புதுசு பூச வேண்டும். மேலோடு பூசினால் நிற்காது. டைல்ஸ் கனத்தில் மூன்றில் இரண்டு பங்காவது தோண்ட வேண்டும். சிமெண்ட் கிரவுட்டென்றால் பாக்கெட்டில் சொன்ன அளவுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதிகம் விடாமல் கலக்கச் சொல்லுங்கள். மேஸ்திரிகள் இளக்கமாகக் கலப்பது கை சுலபத்துக்கு. அப்படிக் கலந்ததில் கலர் திட்டுத்திட்டாகி, காய்ந்தபின் நகத்தால் சுரண்டினாலே வரும்.

எபாக்ஸி தண்ணீரும் எண்ணெயும் குடிக்காது. சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் கூடுதல் விலைக்குத் தகும். ஆனால் கோடு இரண்டு மூன்று மில்லிமீட்டராவது அகலம் இருக்க வேண்டும். ஸ்பேசர் வைக்காமல் ஒட்டி ஒட்டிப் பதித்த தரையில் அது இறங்க இடமே இல்லை. பிசினையும் ஹார்டனரையும் கண் அளவில் பிரிக்கக் கூடாது. விகிதம் தப்பினால் சில இடம் ரப்பர் மாதிரி கடைசிவரை இறுகாது. மே மாத மதியத்தில் கலந்த வாளி பாதி வேலையிலேயே கெட்டிப்படும், ஆகவே காலை எட்டு மணிக்குள் தொடங்கி, சின்னச் சின்னக் கலவையாகப் போக வேண்டும். டைல்ஸ் மேல் பரவிய படலத்தை வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய ஸ்பாஞ்சும் வைத்து இறுகுவதற்குள் துடைக்காவிட்டால் பிசின் கோலமாக நிரந்தரமாக நிற்கும். வெயில் நேராக விழும் பால்கனிக்கு வெள்ளை எபாக்ஸி வேண்டாம், மஞ்சளாகும். சாம்பல் நிறம் எடுங்கள்.

தரையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் சிமெண்ட்டும் வேண்டாம், எபாக்ஸியும் வேண்டாம். அந்த இடம் அசையும், எது பூசினாலும் மயிரிழை விரியும். அங்கே பூஞ்சணம் தடுக்கும் சானிட்டரி சிலிகான், ஒரே இழுப்பில், சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரு தடவை வழித்துவிட்டு, 24 மணி நேரம் ஷவரைத் திறக்காமல் இருந்தால் போதும்.